அப்பாவின் கேசட்டில் இருந்த கடைசி ஆல்பம்: 2001 பதிப்பை வாங்குவதா, 2011 பதிப்பையா?

தேன்மொழி_சேலம் எழுதியது:

வணக்கம். இங்கே எல்லோரும் எழுதுவதை வருஷக்கணக்காகப் படித்து வருகிறேன். நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். 1979ல் சிங்கப்பூரில் கரையிறங்கியபோது ஒரு கேசட் வாங்கினார். அமெரிக்கப் பாடகர் ஜோடி சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'பிரிட்ஜ் ஓவர் டிரபுள்ட் வாட்டர்'. வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் அது அவரோடேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி எடுத்துவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, டேப் ரிக்கார்டரைத் திண்ணைக்குக் கொண்டுவருவார். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு முழுக்கக் கூட்டம் தாளத்துக்குக் கை தட்டும். அது வந்ததும் அப்பாவும் தட்டுவார். என்னையும் தம்பியையும் தட்டச் சொல்வார். எங்களுக்கு இங்கிலீஷ் புரியாத வயசு. கை தட்டத் தெரிந்தது.

போன ஆவணியில் அப்பா தவறிவிட்டார். பீரோவிலிருந்து கேசட்டை எடுத்துப் போட்டேன். பாதியில் நாடா உள்ளே சுற்றிக்கொள்ள, பயந்து நிறுத்திவிட்டேன். சிடி வாங்கலாம் என்று தேடினால் 2001ல் வந்தது ஒன்று, நாற்பதாம் ஆண்டு என்று போட்டு 2011ல் வந்தது ஒன்று. எதை வாங்க?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. 'ரெண்டு பேரு, ஒரே தொண்டை' என்பார் அப்பா. இப்போது இணையத்தில் நிதானமாகக் கேட்டுப் பார்த்தால் பல பாட்டில் ஒருவர் குரல்தான் முன்னால் இருக்கிறது. முதல் பாட்டை ஏறக்குறைய முழுவதும் ஒருவர் பாடுகிறார், கடைசிப் பாட்டை இன்னொருவர் தனியாகப் பாடி முடித்துவிடுகிறார். ஜோடி என்றால் ஏன் இப்படி? அந்தக் கைதட்டல் பாட்டு நிஜமாகவே கச்சேரியில் எடுத்ததா?

பழைய_ஸ்பூல் எழுதியது:

தேன்மொழி அம்மா, அப்பாவின் செய்தி கேட்டு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தத் திண்ணையை என்னால் பார்க்க முடிகிறது.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்தால் எதை வாங்குவது என்பது தானாகத் தெரிந்துவிடும். கோடம்பாக்கத்தில் முப்பது வருஷம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவன் நான். மைக் கம்பி சுற்றுவதில் தொடங்கி மிக்ஸிங் மேஜைவரை வந்தேன். இந்த ஆல்பத்தை ரசிகனாகக் கேட்டது கொஞ்சம், தொழில்காரனாகக் கேட்டதுதான் அதிகம்.

நீங்கள் காதால் கண்டுபிடித்தது சரி. அவர்கள் பிரிந்துகொண்டிருந்ததை அந்த நாடாவே பதிவு செய்திருக்கிறது. 1969 தொடக்கத்தில் ஆர்ட் கார்ஃபங்கல் 'கேட்ச் 22' படத்தில் நடிக்க மெக்ஸிகோ போய்விட்டார். மைக் நிக்கோல்ஸ் இயக்கிய படம். பால் சைமனுக்கும் அதில் ஒரு வேஷம் இருந்தது, திரைக்கதையைச் சுருக்கும்போது அதை எடுத்துவிட்டார்கள். படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனது. சைமன் நியூயார்க்கில் தனியாக உட்கார்ந்து பாட்டு எழுதினார். 'தி ஒன்லி லிவிங் பாய் இன் நியூயார்க்' அப்போது பிறந்தது. அதில் டாம் என்று ஒருவரைக் கூப்பிடுவார். அது கார்ஃபங்கல்தான். 1957ல் பள்ளிக்கூடப் பையன்களாக 'ஹே ஸ்கூல்கேர்ள்' பாடியபோது இவர்களின் மேடைப்பெயர் டாம் அண்ட் ஜெர்ரி. கார்ஃபங்கல் டாம், சைமன் ஜெர்ரி. விமானம் ஏறிப்போகும் சிநேகிதனை வழியனுப்புகிற பாட்டில், அந்தச் சிநேகிதனின் பழைய மேடைப்பெயரை வைத்திருக்கிறார்.

இனி தொழில் விஷயம். அந்தப் பாட்டில் பின்னால் ஒரு பெரிய கோரஸ் எழும்பும், கோயில் பிராகாரத்திலிருந்து வருகிற மாதிரி. அது இவர்கள் குரல்தான், அடுக்கடுக்காகப் பதிந்தது. எதிரொலிக்காக ஸ்டூடியோக்களில் காலியான அறை ஒன்று வைத்திருப்பார்கள். குரலை ஒரு ஸ்பீக்கர் வழியாக உள்ளே விட்டு, மறுபக்கம் மைக்கில் பிடிப்பது வழக்கம். அவர்கள் அந்த அறைக்குள்ளேயே போய் நின்று பாடினார்கள். இந்த வேலைக்கெல்லாம் மூலகர்த்தா ராய் ஹேலி. ஒலிப்பொறியாளர் அவர், இந்த ஆல்பத்தில் இவர்கள் இருவரோடு சேர்ந்து தயாரிப்பாளராகவும் பெயர் போட்டுக்கொண்டார். நியாயமான பெயர். என்னைக் கேட்டால் அந்த ஜோடியில் மூன்றாவது ஆள் அவர்.

'தி பாக்ஸர்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மணி நேரத்துக்கு மேல் பதிவு நடந்தது. கிடார் நாஷ்வில்லில் எடுத்தது, குரலில் ஒரு பகுதியை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தேவாலயத்தில் எடுத்தார்கள். ட்ராக் (ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனியாகப் பதிகிற வரிசை) போதவில்லை என்று இரண்டு எட்டு ட்ராக் மெஷின்களைச் சேர்த்து ஓட்டினார்கள். இரண்டு மெஷின்களை ஒரே வேகத்தில் ஓடவைப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். ஒரு ராத்திரி முழுக்க நானும் இன்னொரு பையனும் அதைச் செய்து பார்த்திருக்கிறோம். விடிய விடிய ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அந்தப் பாட்டின் பல்லவியில் பீரங்கி மாதிரி விழுகிற அடி இருக்கிறதே, அது ஹால் பிளெய்ன் என்கிற டிரம்ஸ் கலைஞர் அடித்தது. கூடத்துக்குள் அந்தச் சத்தம் கிடைக்கவில்லை என்று ஹேலி வெளியே நடையில், லிஃப்ட் கதவுக்கு எதிரே டிரம்மை வைத்து அடிக்கச் சொன்னார். நாற்பது வருஷமாக அந்த அடி விழும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

'சிசிலியா' இதற்கு நேர் எதிர். லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஒரு சாயங்காலம் தொடையில் தட்டியும் பியானோ ஸ்டூலில் அடித்தும் விளையாட்டாக ஒரு சாதாரண டேப் ரிக்கார்டரில் பிடித்த தாளம். அந்தத் துண்டையே வெட்டி ஒட்டி, சுற்றிச் சுற்றி ஓடவிட்டு அதன்மேல் பாட்டைக் கட்டினார்கள். அந்த ஆல்பத்தில் அவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து சிரித்த சத்தம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

இப்போது உங்கள் கைதட்டல் பாட்டு. ஆமாம், கச்சேரியில் எடுத்ததுதான். அயோவா மாநிலம் ஏம்ஸ் ஊரில், 1969 நவம்பரில். 'பை பை லவ்'. எவர்லி பிரதர்ஸ் 1957ல் பாடிப் பெயர் வாங்கிய பாட்டு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் சிறுவர்களாக இருந்தபோது இவர்கள் இருவரும் எவர்லி சகோதரர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் சேர்ந்து பாடவே கற்றார்கள். கடைசி ஆல்பத்தில், கடைசிப் பாட்டுக்கு முன்னால், ஊர்ச் சனம் கை தட்ட அந்தக் குருவின் பாட்டைப் பாடிவிட்டு, அப்புறம் சைமன் தனியாக 'சாங் ஃபார் தி ஆஸ்கிங்' பாடி முடிக்கிறார். உங்கள் அப்பா தட்டச் சொன்னது இருவரும் முழுசாக ஒன்றாக நின்ற இடத்தில்.

பன்னிரண்டு பாட்டு வரவேண்டியது, பதினொன்றுதான் வந்தது. பன்னிரண்டாவதாக சைமன் கியூபாவையும் நிக்ஸனையும் பற்றிய ஓர் அரசியல் பாட்டைக் கொண்டுவந்தார். கார்ஃபங்கல் பாட மாட்டேன் என்றார். அவர் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் தேவாலய இசை ஒன்றை வைக்கலாம் என்றார், சைமன் ஒப்பவில்லை. இரண்டும் வேண்டாம் என்று அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்கள். 1970 ஜனவரி 26ல் ஆல்பம் வந்தது. அந்த ஜூலையில் நியூயார்க் ஃபாரஸ்ட் ஹில்ஸ் டென்னிஸ் அரங்கக் கச்சேரியோடு ஜோடி முடிந்தது. மறு வருஷம் கிராமி விருதில் ஆண்டின் சிறந்த ஆல்பம் இதுதான். இங்கிலாந்தில் எழுபதுகளிலேயே அதிகம் விற்ற ஆல்பமும் இதுதான்.

எதை வாங்குவது? 2011. அதில் இரண்டு சிடி, ஒரு டிவிடி. முதல் சிடி ஆல்பம். இரண்டாவது 'லைவ் 1969', அந்த வருஷக் கடைசியில் அவர்கள் அமெரிக்காவைச் சுற்றிய கச்சேரிகள். அதில் தலைப்புப் பாட்டு, அதாவது நீங்கள் சொன்ன அந்த முதல் பாட்டு, கார்ஃபங்கல் பாடுவது, வருகிற இடத்துக்குப் போங்கள். அப்போது ஆல்பம் இன்னும் வரவில்லை. கூட்டத்தில் அந்தப் பாட்டை முன்னே கேட்டவர்கள் இல்லை என்றே சொல்லலாம். பியானோ தொடங்கும்போது அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது கேட்கும். பாட்டு முடிந்ததும் எழும் கைதட்டலைக் கேளுங்கள். பின்னாளில் ஒரு பேட்டியில் சைமன் சொன்னார்: மேடையின் ஓரத்தில் இருப்பேன், கார்ஃபங்கலுக்குக் கைதட்டல் விழும், அது என் பாட்டு என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வேன் என்று. அந்தக் கைதட்டல் இந்தச் சிடியில் இருக்கிறது. அவர் எங்கே இருந்து கேட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டே நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஆல்டோ_பாளை எழுதியது:

ஸ்பூல் அண்ணாச்சி சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். வாங்குவதில் மட்டும் எனக்கு வேற கருத்து. தேன்மொழி அக்கா, கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் 2001 பதிப்பை வாங்குங்கள். ஆல்பத்துக்குப் பின்னால் கூடுதலாக இரண்டு பதிவுகள் அதில் இருக்கின்றன. 2011 பெட்டியில் அவை கிடையாது.

நான் பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருஷமாகப் பாடுகிறவன். இந்தத் தலைப்புப் பாட்டு எங்கள் ஆட்களுக்குக் கேட்டவுடனே பிடிபடும், ஏனென்றால் அது கீர்த்தனைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பாட்டு. ஸ்வான் சில்வர்டோன்ஸ் என்கிற கறுப்பினக் காஸ்பல் (சர்ச் பக்திப்பாட்டு) குழுவின் பதிவு ஒன்றில் கிளாட் ஜீட்டர் என்பவர், என் பெயரை நம்பினால் ஆழமான தண்ணீருக்குமேல் உனக்குப் பாலமாவேன் என்கிற பொருளில் இடையிலே ஒரு வரி போடுவார். சைமன் அந்தப் பொறியிலிருந்துதான் எழுதினார், அதை மறைக்கவும் இல்லை. 1973ல் தன் தனி ஆல்பத்தில் அதே ஜீட்டரைக் கூப்பிட்டுப் பாடவைத்தார். அவர் உயரத்தில் பாடுகிற அந்தக் கள்ளக்குரலை 'டேக் மீ டு தி மார்டி கிரா' பாட்டில் கேட்கலாம்.

சைமன் எழுதியது கிடாரில், ஜி சுருதியில். கார்ஃபங்கலின் தொண்டைக்கு ஈ ஃப்ளாட்டுக்கு இறக்கினார்கள். லாரி நெக்டெல் உட்கார்ந்து நாட்கணக்கில் அதற்குப் பியானோ அமைத்தார். முதலில் இரண்டு சரணம்தான் இருந்தது. இன்னும் பெரிதாக எழும்ப இடம் வேண்டும் என்று கார்ஃபங்கலும் ஹேலியும் கேட்க, ஸ்டூடியோவிலேயே மூன்றாவதை எழுதினார் சைமன். அதில் வெள்ளிப் பெண் என்று வருவது அவருடைய அப்போதைய மனைவி பெக்கி, தலையில் முதல் நரையைப் பார்த்துக் கலங்கினாராம். வயலின் பகுதியை எழுதிய ஏர்னி ஃப்ரீமன் டேப்பில் பாட்டின் பெயரைத் தவறாகக் கேட்டு, தாளின் தலைப்பில் 'குடத்துத் தண்ணீர் போல' என்கிற மாதிரி எழுதிவைத்திருந்தார் என்று சைமனே சொல்லியிருக்கிறார்.

2001 பதிப்பில் இருப்பது அந்த வயலின் அலை ஏறுவதற்கு முன்னால் எடுத்த ஆறாவது டேக், அதாவது ஆறாம் தடவை பாடிப் பதிந்தது. பாட்டு இன்னும் முழுசாக நிமிரவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒத்திகையில் நாங்கள் பாடுவது போல இருக்கும். எனக்கு அது போதும்.

இரண்டாவது கூடுதல் பதிவு 'ஃபூய்யோ'. ஹைத்தி நாட்டு கிரியோல் நாட்டுப்பாடல். ஸ்பூல் அண்ணாச்சி சொன்ன காலி இடத்தோடு சேர்த்து இதைக் கேளுங்கள். 1973ல் கார்ஃபங்கல் தன் முதல் தனி ஆல்பம் 'ஏஞ்சல் கிளேர்' வெளியிட்டபோது, இந்த ஹைத்திப் பாட்டையும் பாக்கின் மெட்டு ஒன்றையும் ஒரே பாட்டாக இணைத்துப் பாடினார். ஜோடியில் இருந்தபோது கிடைக்காத பாக்கை அவர் அங்கே பாடிவிட்டார் என்றுதான் எனக்குப் படும்.

காற்றுமலை எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. இந்த ஆல்பத்தில் வருகிற 'எல் கொண்டோர் பாசா' நாட்டுப்பாடல் என்று இப்போதும் பல இடத்தில் எழுதுகிறார்கள். அதற்கு எழுதியவர் இருக்கிறார். பெரு நாட்டு இசையமைப்பாளர் டேனியல் அலோமியா ரோப்லெஸ், 1913ல் ஒரு இசை நாடகத்துக்காக அமைத்தது. சைமன் பாரிஸில் லாஸ் இன்காஸ் குழு வாசிக்கக் கேட்டார், பழைய ஆண்டிஸ் மலைப் பாட்டு என்றே அவரிடம் சொல்லப்பட்டது. அந்தக் குழுவின் பதிவின் மேலேயே தன் வரிகளைப் பாடினார். ஆல்பம் வந்த பிறகு இசையமைப்பாளரின் மகன், பெருவின் திரைப்பட இயக்குநர் அர்மாண்டோ ரோப்லெஸ் கோடோய், வழக்குப் போட்டார். பகை இல்லாமல் தீர்ந்தது. எந்தப் பதிப்பை வாங்கினாலும் உறையில் ரோப்லெஸ் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அது முக்கியம்.

பழைய_ஸ்பூல் எழுதியது:

ஆல்டோ தம்பி, ஆறாவது டேக் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க முடியாது. வெள்ளிக்கிழமை ஒத்திகை, நல்ல சொல். ஆனாலும் நான் 2011க்கு நிற்க இன்னொரு காரணம் அந்த டிவிடி. 'சாங்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்று 1969 நவம்பர் 30ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. பாட்டுக் கச்சேரி வரும் என்று நினைத்து ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் பணம் போட்டது. இவர்கள் வியட்நாம் போரையும், மார்ட்டின் லூதர் கிங்கையும், கென்னடி சகோதரர்களையும், திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களையும் காட்டினார்கள். நிறுவனம் கையை உதறிவிட்டது, வேறு விளம்பரதாரர் வந்து ஒளிபரப்பினார்கள். இயக்கியவர் சார்லஸ் க்ரோடின், கார்ஃபங்கலோடு 'கேட்ச் 22'ல் நடித்த அதே க்ரோடின். நாடு முழுக்க வீடுகளில் தலைப்புப் பாட்டு முதலில் கேட்டது இதில்தான். அதற்குப் பிறகு பல வருஷம் பார்க்கக் கிடைக்காமல் கிடந்தது. 'தி ஹார்மனி கேம்' என்கிற ஆவணப்படமும் அதே டிவிடியில் உண்டு. ஹேலி தன் வாயால் லிஃப்ட் கதைகளைச் சொல்வதைப் பார்க்கலாம். ஒலிப்பதிவாளன் முகத்தை யார் படம் எடுக்கிறார்கள்? அதற்காகவே நான் வாங்கினேன்.

இன்னொரு விஷயம். இது கடைசி ஸ்டூடியோ ஆல்பமாகவே நின்றுபோனதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1981 செப்டம்பரில் சென்ட்ரல் பார்க்கில் சேர்ந்து பாடினார்கள், ஐந்து லட்சம் பேர் வந்தார்கள். அந்தச் சூட்டோடு சேர்ந்து ஒரு புது ஆல்பம் செய்யத் தொடங்கி, கார்ஃபங்கல் தன் குரலைப் பதிந்தும்விட்டார். கடைசியில் சைமன் அந்தக் குரலை எல்லாம் நீக்கிவிட்டு, 1983ல் 'ஹார்ட்ஸ் அண்ட் போன்ஸ்' என்று தன் பெயரில் மட்டும் வெளியிட்டார். பாட்டுகள் தன் வாழ்க்கையைப் பற்றியவை என்று அவர் நினைத்திருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதிந்த குரலை அழிக்கச் சொல்லி என்னிடமும் சிலமுறை சொல்லியிருக்கிறார்கள். பட்டனை அழுத்துகிற விரல் என்னுடையது. அந்த உறுத்தல் எத்தனை வருஷம் ஆனாலும் போவதில்லை.

தேன்மொழி_சேலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 2011 பெட்டி ஒன்று பழைய பொருள் விற்கிறவரிடம் கிடைத்தது, உறையில் ஒரு மூலை மடங்கியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது. காற்றுமலை சார், ரோப்லெஸ் பெயரைத் தேடிப் பார்த்தேன், இருக்கிறது. ஆல்டோ, 2001ம் வாங்கிவிடுவேன், அடுத்த மாசச் சம்பளம் வரட்டும்.

ஸ்பூல் ஐயா சொன்னபடி இரண்டாவது சிடியை முதலில் போட்டேன். அம்மா கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தார். தலைப்புப் பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது, 'இது உங்கப்பா டேப்புல இல்லியே, இவ்வளவு நேரமா தட்டுவாங்க?' என்று கேட்டார். அப்புறம் முதல் சிடியில் 'பை பை லவ்' வந்தது. அம்மா பூவைக் கீழே வைக்கவில்லை. காலால் தாளம் போட்டார்.

ஐயா, ஒரு உதவி. சிடி வந்துவிட்டது, ஆனாலும் அந்தக் கேசட்டைச் சரிபண்ண முடியுமா? பாட்டு நடுவில் அப்பா பேசியது எதுவும் அதில் இல்லை, தெரியும். இருந்தாலும் அது ஓடவேண்டும்.

பழைய_ஸ்பூல் எழுதியது:

முடியும் அம்மா. இனிமேல் அதை எந்த மெஷினிலும் போடாதீர்கள். முக்கியமாக வேகமாக முன்னே பின்னே ஓட்டாதீர்கள். கேசட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் சின்னத் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை சுலபம். ஒட்டின வகை என்றால் விளிம்பில் பிளேடால் மெதுவாகக் கீறித் திறக்கவேண்டும், அதை நீங்கள் செய்யவேண்டாம்.

திறந்தால் நாடா மெஷினின் ஹெட்டில் படும் இடத்தில் ஒரு தகட்டில் சின்னப் பஞ்சு ஒட்டியிருக்கும். பழைய கேசட்டில் முதலில் உதிர்வது அதுதான். திருகாணி வைத்த வெற்றுக் கேசட் ஒன்றை வாங்கி, அப்பாவின் நாடாச் சக்கரம் இரண்டையும் அப்படியே அதில் இறக்கிவிட்டால் ஓடும். சுருங்கிய இடத்தை விரலால் இழுக்காதீர்கள், அறுபட்டால் ஒட்டலாம், நீண்டுபோனால் ஒன்றும் செய்ய முடியாது. பென்சிலைச் சக்கரத்தில் விட்டு, சுருக்கம் தெரிகிற வரை மெதுவாகச் சுற்றி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். இரண்டாம் பக்கம் மேலே இருக்கட்டும். எந்தப் பாட்டுக்கிட்ட சிக்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.